வரப்பு விளக்கு

எலிகள்மேல் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் சிலர் எலி அகப்பட்டால் வாலைப் பிடித்துச் சுழற்றிக் கல்லில் அடிப்பார்கள், அதன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதற்கும் பசி, நமக்கும் பசி. கதிரில் பால் பிடிக்கிற சமயத்தில் அது வருகிறது, நாம் தடுக்கிறோம். இதில் கோபத்துக்கு என்ன வேலை இருக்கிறது?

நீங்கள் கேட்டது எலியைப் பற்றி இல்லை என்று தெரியும், ஐயா. என் தம்பியின் மனைவி தொலைபேசியில் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னாளே, அது என்ன சத்தம் என்று கேட்டீர்கள். நேற்று ஊருக்கு வந்து நீங்கள் கேட்டபோது, யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே பேருந்து பிடித்துக் காவல் நிலையத்துக்கு வந்தேன். ஆனால் அந்தச் சத்தத்தை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் என்னைப் பற்றித் தப்பான எண்ணம் வந்துவிடும். முறையாக வருகிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் பர்மின். வயது ஐம்பத்தாறு. ஊர் கெடுங்லாரன். பதினோரு ஆண்டாக எங்கள் ஊர் உழவர் குழுவுக்குத் தலைவர். மனைவி தர்சி. இரண்டு பெண்கள், இருவரையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. என் பெயரில் இதுவரை ஒரு புகார் கிடையாது. ஊரில் வரப்புத் தகராறு வந்தால் அளந்து கொடுக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

எலிக்கு விஷம் வைத்தால் கோழி சாகிறது. புகை போட்டால் பக்கத்து வயலுக்கு ஓடிவிட்டு மறுநாள் திரும்பி வருகிறது. அதனால்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் வயலைச் சுற்றி மூங்கில் குச்சி நட்டு, கணுக்கால் உயரத்தில் கம்பி இழுத்து, அதில் மின்சாரம் விடுகிறோம். அது கூடாது என்று நீங்கள் பலகை எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்தப் பலகை நட்ட இடத்திலேயே கம்பி ஓடுகிறது. நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நாங்களும் பார்த்திருக்கிறோம். அதை இப்போது பேசி என்ன ஆகப்போகிறது?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால் கஸ்னோ என்று ஒரு ஆள் என் கம்பியில் விழுந்து இறந்தான். விலாங்கு பிடிக்கப் போனவன். அப்போது நாங்கள் கம்பியை இணைத்துவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வோம். எங்கே மின்சாரம் ஓடுகிறது, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. விடிந்து பார்த்தபோது அவன் கூடை வரப்பில் இருந்தது, அவன் சேற்றில் இருந்தான். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மூன்றாம் நாள் கிராம அலுவலகத்தில் சமாதானக் கடிதம் எழுதினார்கள். நடந்தது விபத்து, யார் மேலும் குற்றமில்லை, வழக்குக்குப் போவதில்லை என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு முத்திரைவில்லை ஒட்டுவது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட சாவுகளுக்கு அதுதான் வழக்கம். கஸ்னோவின் மனைவி முர்னி பெருவிரல் ரேகை வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவரு நேரம் வந்துடுச்சு, போயிட்டாரு. நீங்க என்ன பண்ணுவீங்க பாக் பர்மின், சாப்பிடாமக் கெடக்காதீங்க" என்றாள். நான் ஏழாம் நாள் தொழுகைச் சாப்பாட்டுக்கு ஒரு ஆடு கொண்டுபோய்க் கட்டினேன். இன்றுவரை பெருநாள் அன்று அவள்தான் முதலில் வந்து என் கையைப் பற்றி மன்னிப்புக் கேட்பாள். அவள் எனக்கு என்ன தீங்கு செய்தாள் என்று மன்னிப்புக் கேட்கிறாள் என்று எனக்கே கூச்சமாக இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன். கம்பிக்குப் போகிற அதே இணைப்பில், காவல் குடிசையின் மேல் ஒரு மூங்கில் கழி நட்டு, அதில் ஒரு பல்பு. விளக்கு எரிந்தால் கம்பியில் மின்சாரம் இருக்கிறது, யாரும் கிட்டே வரக் கூடாது. விளக்கு அணைந்தால் கம்பி செத்துக் கிடக்கிறது, தாராளமாகப் போகலாம். எரிகிற வரைக்கும் வயல்காரர் குடிசையில் விழித்திருக்க வேண்டும். குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் ஒரு கோழிகூடச் சாகவில்லை. விளக்கை நம்பாத மனிதர் எங்கள் ஊரில் இல்லை. என் வயல் விளக்கை இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்புவார்கள்.

இப்போது என் தம்பி சுகெங்.

அவன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஊரை விட்டுப் போனான். கப்பலில் நுனுக்கான் தீவு, அங்கிருந்து படகில் களவாக மலேசியாவின் சபா. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிற வேலை. எங்கள் ஊரிலிருந்து போகாத வீடு கிடையாது, அது ஒன்றும் அதிசயமில்லை. போவதற்கு முந்தின வாரம் அப்பா எங்கள் இருவரையும் வயலுக்குக் கூட்டிப்போய் நடுவில் ஒரு வரப்புப் போட்டார். மேல் பாதி சுகெங்குக்கு, கீழ்ப் பாதி எனக்கு.

மேல் பாதியில்தான் வாய்க்கால் வந்து சேருகிறது. மடை அங்கேதான். மேல் பாதி குடித்து மிஞ்சிய தண்ணீர்தான் கீழே வரும். ஊரில் இருந்து உழுகிறவன் நான், எனக்குத்தானே மேல் பாதி தர வேண்டும்? அப்பாவிடம் கேட்டேன். "போறவனுக்குத் திரும்பி வர ஒரு காரணம் வேணுமேடா" என்றார். இருப்பவனுக்குக் காரணம் வேண்டாம் என்று அவர் நினைத்தார் போலிருக்கிறது.

அவன் போன மறுமாதமே அப்பா இறந்தார். சுகெங்கால் வர முடியவில்லை. நான் நடுவரப்பை வெட்டி இரண்டையும் ஒரே வயலாக்கி உழுதேன். பத்தொன்பது ஆண்டு, ஐம்பத்தேழு அறுவடை. அவன் எதுவும் கேட்டதில்லை, நானும் எதுவும் சொன்னதில்லை. ஒரு வயலை ஐம்பத்தேழு முறை அறுத்தவனுக்கு அது யாருடையது என்று தெரியாமல் இருக்குமா?

இந்த ஆண்டு மழை தொடங்கியபோது அவன் வந்து நின்றான். ஒரு பை, தர்சிக்கு ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் கோப்பைகள், எனக்கு ஒரு மழைச்சட்டை. ஆள் கறுத்துப் பருத்திருந்தான். சிரிப்பு மட்டும் மாறவில்லை. தர்சி தெம்பே சோயாக் கட்டியை வறுத்து மிளகாய்ச் சம்பால் அரைத்து வைத்தாள். மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

"அண்ணி, பத்தொம்பது வருசமா இந்தச் சம்பால நெனச்சுத்தான் உசிரோட இருந்தேன்."

"அப்ப உம் பொண்டாட்டி என்ன, கல்லயா அரைச்சுப் போட்டா?"

"அவ போடறது மீனு அண்ணி. வாரத்துல ஏழு நாளும் மீனு. எனக்கே வாலு மொளைச்சிருக்கான்னு பாருங்க."

தர்சி முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். அவனை எனக்குப் பிடிக்கும், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மனைவி பெயர் ஹப்சா. பூகிஸ் இனத்துப் பெண், அதே தோட்டத்தில் பழம் பொறுக்குகிறவள். பிள்ளை இல்லை. மேல் பாதியில் செம்மண் கொட்டி மேடாக்கி, செங்கல்லில் ஒரு வீடு கட்டி, சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடை வைத்து, அவளைக் கூட்டி வந்துவிட வேண்டும். அதுதான் அவன் திட்டம். இரண்டாம் நாள் காலையே மூங்கில் முளை அடித்து நீல நைலான் கயிறு கட்டிவிட்டான். பச்சை நாற்றின் நடுவே அந்த நீலக் கயிறு.

"தம்பி, மேல மண்ணக் கொட்டினா கீழ தண்ணி எப்படிடா வரும்?"

"ஓரமா ஒரு குழாய் பதிச்சுடலாம்ணே. நானே பதிச்சுத் தரேன், நீ கையக் கட்டிக்கிட்டு நில்லு."

"குழாய்ல தண்ணி வரும். வண்டல் வருமா? மண்ணுக்குச் சோறு வண்டல்தாண்டா."

"அதுக்கு உரம் போடு. ஊரே போடுது." சிரித்தான். "அண்ணே, நீ அண்ணியக் கட்டினியா, இந்த வயலக் கட்டினியா?"

நான் வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றேன். இடுகாட்டுக்கு மேற்கே சும்மா கிடக்கிற மேட்டு நிலம் இருக்கிறது, வீடு கட்ட அதுதான் தோது. அவன் கேட்கவில்லை. "அப்பா குடுத்த எடம்ணே. ஹப்சாகிட்ட இதத்தான் படம் எடுத்து அனுப்பியிருக்கேன். மடைக்குப் பக்கத்துல சமையக்கட்டு வரணுமாம் அவளுக்கு, தண்ணிச் சத்தம் கேக்கணுமாம்" என்றான். பிறகு என் தோளில் கை போட்டு, "இந்தப் போகம் நீயே அறுத்துக்க. அறுத்த மறுநாள் மண்ணு லாரி வரச் சொல்லியிருக்கேன்" என்றான். விட்டுக்கொடுக்கிற தோரணை அது. என் வயலை எனக்கே ஒரு போகத்துக்கு விட்டுக்கொடுத்தான்.

நான் கெஞ்சவில்லை. மூத்தவன் கெஞ்சுவது அழகில்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான். மேல் பாதி மேடானால் கீழ்ப் பாதி வானம் பார்த்த பூமி. மூன்று போகம் ஒரு போகமாகும். அப்பா உழுத மண், தாத்தா உழுத மண், ஒரு மளிகைக் கடைக்குக் கீழே புதைந்து கிடக்கும். இதையெல்லாம் நான் எனக்காக யோசிக்கவில்லை. எனக்கு என்ன, இன்னும் பத்து ஆண்டு. வயலுக்காக ஒருவர் யோசிக்க வேண்டாமா?

கதிர் பால் பிடித்தது. எலி வந்தது. கம்பி இழுத்தோம், சுகெங்கும் கூட நின்று குச்சி நட்டான். விளக்கு விதியை நான்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். எரிந்தால் வராதே, அணைந்தால் வா. "நல்ல விதிண்ணே, சபாவுல இருக்கறவனுக்கெல்லாம் இந்த மூள இல்ல" என்று பாராட்டினான்.

எங்களுக்குத் தண்ணீர் முறை, ஐந்து நாள் சந்தைக் கணக்கில் வருகிற வாகே நாளில். ஐந்து நாளுக்கு ஒருமுறை, விடியலிலிருந்து ஏழு மணி வரை. அன்று தவறவிட்டால் அடுத்த வாகே வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். செவ்வாய் சாயங்காலம் அவனிடம், "நாளைக்கு நம்ம முறை. தொழுதுட்டு நீ முன்னால போய் மடையத் திற, நான் பின்னாலயே வரேன்" என்றேன். காலையில் அவன் போனான். விளக்கு எரியவில்லை. கம்பியில் மின்சாரம் இருந்தது. அவன் இறந்துவிட்டான்.

ஊர் கூடியது. நான் பள்ளிவாசலுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தேன். என்ன நடந்தது என்று கேட்டார்கள். விளக்கு எரியவில்லை என்றேன். ஒருவர் கழியை இறக்கிப் பல்பை ஆட்டிப் பார்த்தார். உள்ளே இழை அறுந்து கிணுகிணுத்தது. பீஸ் போன பல்பு என்றார். ஆமாம் என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இல்லை.

நண்பகலுக்குள் அடக்கம் செய்துவிட்டோம். மூன்றாம் நாள் சமாதானக் கடிதம். கிராம அலுவலகத்து எழுத்தர் வியோனோ தட்டச்சு செய்துகொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"பாக் பர்மின், ஒரு சிக்கலு. செத்தவங்க தரப்புன்னு போட்டா உங்க பேரு வருது. கம்பிக்காரர் தரப்புன்னு போட்டாலும் உங்க பேருதான் வருது. இது செல்லுமா?"

கிராமத் தலைவர் அலுத்துக்கொண்டார். "ஏன்யா செல்லாது? செத்தவனுக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா? அண்ணன். கம்பி யாரோடது? அண்ணனோடது. அவரு போடாம எங்க வீட்டு ஆடா வந்து போடும்?"

சுற்றி நின்றவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாற்றிக்கொண்டார். சுகெங்கின் மனைவியைக் கேட்க வேண்டாமா என்று வியோனோ மெதுவாகக் கேட்டார். அவள் கடல் தாண்டி இருக்கிறாள், எந்த அலுவலகத்திலும் பதியாத கல்யாணம், அவள் எங்கே வரப்போகிறாள் என்று தலைவர் சொல்லிவிட்டார். ஆகவே முதல் தரப்பான பர்மின், இரண்டாம் தரப்பான பர்மினை மனப்பூர்வமாக மன்னிக்கிறேன் என்று எழுதியாயிற்று. இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டேன். மன்னிக்கிற இடத்தில் நன்றாக விழுந்தது. மற்ற இடத்தில் பேனா கொஞ்சம் திக்கியது, மலிவுப் பேனா.

எழுதி முடித்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. முறைப்படி எல்லாம் முடிந்துவிட்டது என்று தோன்றியது.

பதினான்காம் நாள் ஹப்சா வந்தாள். சபாவின் தவாவிலிருந்து படகு, நுனுக்கானில் ஆறு நாள் காத்திருப்பு, பாரேபாரே, சுரபாயா, அப்புறம் பேருந்து. ஒரு சாக்குப் பையும் ஒரு பிளாஸ்டிக் வாளியும். வாளிக்குள் துணி. மெலிந்த பெண். வந்தவள் அழவில்லை, யாரையும் குற்றம் சொல்லவில்லை. வயல் எங்கே என்று கேட்டு, போய் மடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்தாள். மாலை வரை அங்கேயே இருந்தாள். தர்சி சோறு எடுத்துக்கொண்டு போனாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுததாகப் பிறகு சொன்னார்கள்.

நான் அவளிடம் குறை வைக்கவில்லை. உள்ளறையைக் கொடுத்தேன். அவள் வயலைக் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குப் பதில்கூட வைத்திருந்தேன். கேட்கவே இல்லை. நீலக் கயிற்றை மட்டும் அவிழ்த்துச் சுருட்டித் தன் வாளிக்குள் வைத்துக்கொண்டாள். அறுவடை நன்றாக இருந்தது. மேல் பாதியில் எப்போதும் போலக் கனத்த கதிர்.

அவள் இந்த நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொன்னது என்னவென்று நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அங்கே நேரம் நமக்கு ஒரு மணி முன்னால். அவள் காலை வருகைப் பதிவுக்குப் போகும் நேரம், இங்கே அவன் வயலுக்குப் போகும் நேரம். தினமும் அப்போது பேசிக்கொள்வார்களாம். அன்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசி கீழே விழுந்தது, ஆனால் அணையவில்லை. பதினொரு நிமிடம் அது வரப்பில் கிடந்தபடியே அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் குரல் கேட்டதாம். பிறகு ஒன்றும் இல்லையாம். பிறகு நனைந்த எதையோ யாரோ வெட்டுவதுபோல ஒரு சத்தம், ஏழெட்டு முறை. அதுதானே உங்கள் கேள்வி?

அது மண்வெட்டிச் சத்தம், ஐயா. நான்தான் மடையை வெட்டிவிட்டேன்.

இப்படிப் பார்க்காதீர்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். நான் விடியல் தொழுகைக்கான சுபுஹு பாங்குக்கு முன்பே குடிசையில் இருந்தேன். விளக்குப் பல்பை முந்தின நாள் சாயங்காலம் மாற்றினேன். நல்ல பல்பைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்துவிட்டு, பீஸ் போனதை மாட்டினேன். அந்தப் பீஸ் போன பல்பு இரண்டு மாதமாக எங்கள் சமையற்கட்டு அலமாரியில் உப்புச் சட்டிக்குப் பின்னால் இருந்தது. நீலக் கயிறு கட்டிய வாரத்திலிருந்து. "எதுக்குங்க இந்தச் செத்த பல்ப எடுத்து வச்சிருக்கீங்க, தூக்கி எறியுங்க" என்று தர்சி ஒருநாள் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். அவளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவள் பெயரைச் சேர்க்க வேண்டாம்.

அவன் பேசிக்கொண்டே வரப்பில் வந்தான். கழியை நிமிர்ந்து பார்த்தான். "வெளக்கு அணைஞ்சிருக்கு, கரண்டு இல்ல. இரு, மடையத் தெறந்துட்டுப் பேசறேன்" என்று அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

விழுந்த பிறகு கூப்பிட்டான். உதவிக்குத்தான் கூப்பிடுகிறான் என்று முதலில் நினைத்தேன். அப்படிக் கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நானும் மனிதன்தான். சுவிட்சு என் வலது முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கையை நீட்டக்கூட வேண்டாம், முழங்கையால் தட்டினால் போதும். ஆனால் அவன் உதவி கேட்கவில்லை. நான் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதை நம்பிக்கொண்டு கத்தினான்.

"அண்ணே, வராத. கம்பில கரண்டு இருக்கு. வெளக்க நம்பாத, வராத."

மூன்று முறை சொன்னான். மூன்றாவது முறை பாதிதான் வந்தது.

வராதே என்றான், நான் போகவில்லை. சாகிறவன் பேச்சைத் தட்டினேன் என்ற பழி எனக்கு வேண்டாம்.

பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறங்கினேன். விடிந்துகொண்டிருந்தது. ஏழு மணிக்கு மற்ற வயல்காரர்கள் வந்துவிட்டால் எங்கள் முறை போய்விடும், கதிருக்குக் கடைசித் தண்ணீர் அது. அவனைத் தாண்டிப் போய் மடையை வெட்டினேன். தாண்டும்போது மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்துவிட்டால் ஊராரிடம் நான் உண்மையை மட்டும் பேச முடியாமல் போயிருக்கும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும்தான் வரப்பில் தொலைபேசி வெளிச்சம் தெரிந்தது. சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு ஆட்களைக் கூப்பிட ஓடினேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்துதான் செய்தேன். அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். வயல் முழுசாக இருக்கிறது, அடுத்த போகத்துக்கு நாற்றும் விட்டாயிற்று. அதை நினைத்தால் எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. என் மனசை உறுத்துவது வேறு.

நாற்பதாம் நாள் தொழுகை முடிந்து வீடு வீடாகக் கொடுக்க வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டிருந்தார்கள். தர்சி அடுப்பில் கோழி புரட்டிக்கொண்டிருந்தாள். ஹப்சா தரையில் உட்கார்ந்து இலை மடித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். அவள் தலை நிமிராமல், உப்புப் போதுமா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அண்ணே, அன்னைக்கு அவரு கூப்பிட்டது உங்க காதுல விழுந்துச்சா?"

மண்வெட்டிச் சத்தம் கேட்டவள் அவள். பக்கத்தில் ஆள் இருந்தது தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள். அப்போது எனக்கு அது தெரியாது. அப்படிக் கேட்பது நியாயமில்லை, நீங்களே சொல்லுங்கள். யோசிக்க நேரம் இல்லாமல் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"விழலம்மா."

அவள் தலையாட்டினாள். அந்தப் பொட்டலத்தைக் கட்டி முடித்தாள், அடுத்த இலையை எடுத்தாள். மறு வாகேவில் உங்களிடம் வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்த வார்த்தைதான் வந்து நிற்கிறது. ஒரு அப்பாவிப் பெண்ணிடம், அதுவும் என் வீட்டு உப்பைத் தின்கிறவளிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சரி செய்யத்தான் வந்தேன். கூப்பிட்டது என் காதில் விழுந்தது, மூன்று முறையும் விழுந்தது என்று எழுதி, அவளிடம் படித்துக் காட்டிவிடுங்கள், ஐயா. இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.